உருமாறும் ரோபோ: கார் எங்கே போய் ஒளிகிறது?

கையில் ஒரு விளையாட்டுக் கார் இருக்கிறது. பின்பக்கத்தை இழுத்து நீட்டி, முன்பக்கத்தை மடக்கி, கதவுகளை விரித்தால் ஒரு ரோபோ எழுந்து நிற்கிறது. நாம் ரோபோவைப் பார்த்து வாயைப் பிளக்கிறோம். அதை வடிவமைத்தவருக்கு வேறு கவலை: இந்தக் கார் இப்போது எங்கே போனது? கூரை, நான்கு சக்கரம், முன்கண்ணாடி, பம்பர் எதுவும் ஆவியாகிவிட முடியாது. காரில் இருந்த அத்தனை பிளாஸ்டிக்கும் ரோபோவின் உடம்பில் எங்கோ இருந்தாக வேண்டும். அதே மாதிரி ரோபோவின் தலையும் கைகளும் காருக்குள் எங்கோ சுருண்டு கிடந்திருக்க வேண்டும்.

இந்த வகைப் பொம்மைகள் வரத் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. இடையில் அவை எப்படி மேம்பட்டன என்பதை இந்த ஒரு கேள்வியை வைத்தே புரிந்துகொள்ளலாம். கதை, கதாபாத்திரம், நல்லவர் அணி, கெட்டவர் அணி எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். இங்கே பொம்மையை மட்டும் பிரித்துப் பார்ப்போம்.

மூன்று பக்கமும் இழுபறி

வடிவமைப்பாளரிடம் மூன்று கோரிக்கைகள் வைக்கப்படுகின்றன. கார் நிஜக் கார் போலத் தெரிய வேண்டும். ரோபோ கை கால் அசைக்கும் நல்ல உருவமாக இருக்க வேண்டும். ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது விளையாடுபவரின் பொறுமைக்குள் முடிய வேண்டும். இந்த மூன்றில் எந்த இரண்டையும் ஓரளவு எளிதாகத் தரலாம். மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் தலைவலி.

ஏன் என்றால், கார் என்பது அகலமான, தட்டையான பெட்டி. வெளித்தோல் நிறைய, உள்ளே வெற்றிடம் நிறைய. ரோபோ நெட்டையான, இடுப்பு ஒடுங்கிய உருவம். அதற்கு அவ்வளவு தோல் தேவைப்படாது. ஆகவே காரைப் பிரித்து ரோபோவாக்கும்போது தகடுகள் மிஞ்சுகின்றன. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது எல்லாச் சாமானையும் ஒரே அறையில் போட்டு அடைப்போமே, அப்படி அந்த மிச்சங்களை ரோபோவின் முதுகிலோ முழங்கையிலோ கெண்டைக்காலிலோ அடைக்கிறார்கள். இந்த மிச்சத்துக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் கிபிள். ஒரு ரோபோ பொம்மையின் தரத்தை அறிய அதை முன்பக்கம் பார்க்காமல் திருப்பிப் பாருங்கள். முதுகில்தான் உண்மை தெரியும்.

மிச்சத்தைச் சமாளிக்க அடிப்படையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காரையே பெரிய துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு துண்டையும் ஓர் உறுப்பாக்குவது: பானெட் நெஞ்சாகும், பின்பாதி கால்களாகும். இதில் மிச்சம் குறைவு. ஆனால் ரோபோ கொஞ்சம் கட்டை குட்டையாக, பெட்டி பெட்டியாக இருக்கும். இரண்டாவது வழி, முதலில் ஒரு நல்ல ரோபோவைச் செய்துவிட்டு, காரின் தோலை மடிப்புத் தகடுகளாக அதன்மேல் போர்த்துவது. இந்த வகையை ஷெல்ஃபார்மர் என்பார்கள். ரோபோ அழகாக வரும், காரும் அழகாக வரும். ஆனால் மாற்றும்போது அத்தனை தகடுகளையும் முதுகில் சுமக்க வேண்டியிருக்கும்.

இவை தவிர இரண்டு குறுக்குவழிகளும் இருக்கின்றன. கை, துப்பாக்கி, இறக்கை போன்றவற்றைத் தனியே கழற்றி மாட்டச் செய்வது முதல் குறுக்குவழி. இரண்டாவது, பொய்ப் பாகம்: ரோபோவின் நெஞ்சில் காரின் முன்பகுதி தெரியும், ஆனால் அது நிஜ முன்பகுதி இல்லை, ரோபோவுக்கென்றே தனியாகச் செய்த போலி. நிஜமானது முதுகில் மடங்கிக் கிடக்கும். சிலருக்கு இது ஏமாற்று வேலை. எனக்கு அப்படிப்பட்ட கோபம் இல்லை, திறமையாக மறைத்திருந்தால் சரி.

திரையில் முடிந்தது கையில் முடியவில்லை

1970களின் ஜப்பானில் ராட்சத ரோபோக் கார்ட்டூன்கள் கொடிகட்டிப் பறந்தன. பந்தாய் நிறுவனத்தின் கிளையான பாப்பி, 1974-இல் சோகோகின் என்ற வரிசையை வெளியிட்டது. துத்தநாகக் கலவை உலோகத்தில் வார்த்த, கையில் எடுத்தால் கனம் தெரியும் ரோபோக்கள். முதலில் வந்த மஸிங்கர் ஸெட் முஷ்டியை ஸ்பிரிங் மூலம் எய்யும். உருவம் மாறாது.

அதே 1974-இல் கெட்டர் ரோபோ என்ற தொடர் ஒளிபரப்பானது. மூன்று விமானங்கள் வானத்தில் மோதிச் சேர்ந்து ஒரு ரோபோ ஆகும். வரிசையை மாற்றிச் சேர்ந்தால் வேறொரு ரோபோ. பார்க்கப் பிரமாதம். ஆனால் அந்த விமானங்கள் சேரும்போது உலோகம் மெழுகு போல நீண்டு வளைந்து கை கால் முளைக்கும். அதை நிஜப் பொம்மையில் செய்யவே முடியாது. ஓவியரின் பென்சிலுக்கு மூட்டும் கீலும் தேவையில்லை, பொம்மைத் தொழிற்சாலைக்குத் தேவை.

இந்த இடைவெளியை மூடியதில் பாப்பியின் வடிவமைப்பாளர் கத்சுஷி முராகாமிக்குப் பெரிய பங்கு உண்டு. 1975-இல் வந்த ரைதீன் தொடரின் ரோபோ பறவை வடிவமாக மாறும். பொம்மையும் அப்படியே மாறியது. 1976-இல் வந்த காம்பாட்லர் வி தொடரில் ஐந்து ஊர்திகள் சேர்ந்து ஒரு ரோபோ ஆகும். கடையில் வாங்கிய ஐந்து ஊர்திகளையும் குழந்தை அதே மாதிரி சேர்க்க முடிந்தது. கார்ட்டூனுக்குப் பின்னால் பொம்மை ஓடிய காலம் போய், பொம்மையால் என்ன முடியுமோ அதைக் கார்ட்டூன் காட்டும் நிலை வந்தது. எந்திரம் முதலில், கதை அப்புறம்.

இருக்கையில் யார் உட்காருவது?

டகாரா நிறுவனம் 1980-இல் டயாக்லோன் என்ற வரிசையைத் தொடங்கியது. ஒரு அங்குல உயரத்தில், காலில் காந்தம் வைத்த குட்டி ஓட்டுநர்கள்தான் அதன் மையம். ரோபோக்கள் அவர்கள் ஏறி ஓட்டும் எந்திரங்கள். 1982-இல் இதே வரிசையில் கார் ரோபோ என்ற பிரிவு வந்தது. கற்பனை ஊர்திகளை விட்டுவிட்டு லம்போர்கினி கவுன்டாச், நிஸான் ஃபேர்லேடி ஸெட் போன்ற தெருவில் ஓடும் கார்களையே ரோபோவாக்கினார்கள். கோஜின் ஓனோ, ஹிதேஆகி யோகே ஆகியோர் டகாராவில் இந்த வேலையில் முக்கியமானவர்கள்.

ஃபேர்லேடி ஸெட் பொம்மையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பானெட் நெஞ்சாகிறது. காரின் பின்பாதி கால்களாகிறது. கதவுகள் தோளுக்குப் பின்னால் இறக்கை மாதிரி விரிகின்றன. மேலே சொன்ன முதல் வழியின் அப்பட்டமான உதாரணம் இது: கதவை ஒளிக்க முயலவில்லை, இறக்கையாக்கி அலங்காரமாகவே காட்டிவிட்டார்கள். மிச்சத்தை அழகாக்கிவிட்டால் அது மிச்சம் இல்லை. கார் ரோபோ என்றாலே நெஞ்சில் பானெட், முதுகில் கதவு என்று நம் மனதில் பதிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குறையும் உண்டு. முஷ்டிகள் தனிப் பாகங்கள். அவற்றைத் தொலைக்காத குழந்தையைக் கண்டுபிடிப்பது கடினம்.

டகாராவின் இன்னொரு வரிசை, 1983-இல் வந்த மைக்ரோ சேஞ்ச். இதில் அளவுச் சிக்கலையே சாமர்த்தியமாகத் தாண்டிவிட்டார்கள். கைத்துப்பாக்கி, கேசட் பிளேயர், சின்ன விளையாட்டுக் கார் என்று ஏற்கெனவே கையடக்கமாக இருக்கும் பொருள்களையே ரோபோவாக்கினார்கள். ஆக, பொம்மையும் அது பாவிக்கும் பொருளும் ஏறக்குறைய ஒரே அளவு.

அமெரிக்க நிறுவனமான ஹாஸ்ப்ரோ இந்த இரண்டு வரிசைகளிலிருந்தும் பொம்மைகளை உரிமம் பெற்று எடுத்து, 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் விற்றது. லாரியாக மாறும் ஆப்டிமஸ் பிரைம் டயாக்லோனில் இருந்து வந்தவர். துப்பாக்கியாகும் மெகாட்ரானும் கேசட் பிளேயராகும் சவுண்ட்வேவும் மைக்ரோ சேஞ்சில் இருந்து வந்தவர்கள். இந்தப் பொம்மைகளின் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதது இதனால்தான்.

ஹாஸ்ப்ரோ செய்த பெரிய மாற்றம் பிளாஸ்டிக்கில் இல்லை. ஓட்டுநரை எடுத்துவிட்டு, ரோபோவே உயிருள்ள ஆள் என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஒரு முடிவு வடிவமைப்பை எப்படிப் பாதித்தது என்பதற்கு அயர்ன்ஹைட் என்ற வேன் பொம்மைதான் சாட்சி. 1984-இல் வந்த அந்த ரோபோவுக்குத் தலையே கிடையாது. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இருக்கை, அதில் முகம் வரைந்த ஸ்டிக்கர். டயாக்லோன் கணக்குப்படி இதில் தப்பே இல்லை, அங்கே ஓட்டுநர் உட்காருவார். ஆனால் பெயரும் குணமும் உள்ள கதாபாத்திரத்துக்கு முகம் வேண்டுமே! அதன்பின் வந்த வடிவமைப்புகளில் முகம், தோள், உடல் விகிதம் எல்லாம் முக்கியமாகின. ரோபோ ஓர் ஊர்தியாக இருந்தபோது தேவைப்படாதவை அவை.

ஆப்டிமஸ் பிரைமின் டிரெய்லரையும் கவனியுங்கள். லாரியின் முன்பகுதி மட்டும்தான் ரோபோவாகும். பின்னால் இழுத்துவரும் பெரிய டிரெய்லர் தனியே திறந்து ஒரு தளமாக மாறும், ரோபோவின் உடம்பில் அதற்கு வேலை இல்லை. கார்ட்டூனில் ரோபோ எழுந்ததும் டிரெய்லர் எங்கோ மறைந்துவிடும், யாரும் கேட்கமாட்டார்கள்.

இன்னொரு விஷயம், அச்சு. பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் எஃகு அச்சு செய்வதுதான் பொம்மைத் தொழிலில் பெரிய முதலீடு. அதனால் ஒரே எஃப்-15 விமான அச்சில் வார்த்து, நிறத்தை மாற்றி ஸ்டார்ஸ்கிரீம், தண்டர்கிராக்கர், ஸ்கைவார்ப் என மூன்று பேரைப் படைத்தார்கள். ஃபேர்லேடி ஸெட்டுக்கும் அதே கதி, அதிலிருந்தும் மூவர். இந்தப் பழக்கம் இன்றுவரை தொடர்கிறது. இப்போது அச்சை வரையும்போதே தலை, தோள்பட்டை, சில தகடுகளை மட்டும் மாற்றினால் வேறு ஆள் கிடைக்கிற மாதிரி திட்டமிடுகிறார்கள்.

போட்டியாக டோங்கா நிறுவனம் கோபாட்ஸ் என்ற பொம்மைகளை விற்றது. அவையும் ஜப்பானியப் பொம்மைகள்தான், பாப்பியின் மெஷின் ரோபோ வரிசையிலிருந்து வந்தவை. சிறியவை, எளியவை, சீக்கிரம் மாறக்கூடியவை. 1991-இல் ஹாஸ்ப்ரோ டோங்காவையே வாங்கிவிட்டது. இந்தக் கொள்முதலுக்கு ஒரு பின்விளைவு இருக்கிறது, பிறகு வருகிறேன்.

விமானத்திலிருந்து ஒரு பாடம்

இந்தத் துறையில் ஒரே ஒரு வடிவமைப்பைப் படிக்க நேரம் இருந்தால், நான் கை காட்டுவது ஜப்பானிய வடிவமைப்பாளர் ஷோஜி கவாமோரியின், ரோபோவாக மாறும் வால்கிரி விமானத்தைத்தான். 1982-இல் ஒளிபரப்பான மேக்ராஸ் கார்ட்டூன் தொடருக்காக அவர் உருவாக்கியது. டகாடோகு நிறுவனம் அதை 55-இல் ஒரு பங்கு அளவில் பொம்மையாக்கியது. அந்தப் பொம்மையே சில மாற்றங்களுடன் 1985-இல் ஜெட்ஃபயர் என்ற பெயரில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையிலும் வந்தது.

இதில் என்ன சிறப்பு? விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் ரோபோவின் கால்கள். புகைபோக்கும் வாய்தான் பாதம். கைகள் இரண்டு எஞ்சின்களுக்கும் நடுவே, விமானத்தின் வயிற்றுக்குக் கீழே மடிந்திருக்கும். தலை, விமானத்தில் இருக்கும்போது வயிற்றில் தொங்கும் துப்பாக்கி மேடை. அதாவது ரோபோவின் ஒவ்வொரு பாகத்துக்கும் விமானத்திலும் ஒரு உத்தியோகம் இருக்கிறது. எதுவும் சும்மா ஒளிந்துகொண்டிருக்கவில்லை. ஒரு துண்டை மறைக்க இடம் தேடுவதைவிட, அந்தத் துண்டுக்கு இரண்டு வடிவத்திலும் வேலை கொடுப்பதே உயர்ந்த தீர்வு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய பொம்மை குறைவு.

இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. விமானத்தின் பின்கோடியில் இருக்கும் எஞ்சின், காலாக மாறும்போது நெஞ்சுக்கு அடியில் வர வேண்டும். வெறும் கீல் போட்டுச் சுழற்றினால் அந்த இடத்துக்கு வராது. அதனால் காலை ஒரு தனிக் கம்பியில் பொருத்தி, கம்பியை ஊசலாட்டி முன்னால் கொண்டுவந்தார்கள். மூட்டின் வேலை மடக்குவது மட்டும் இல்லை, ஓர் உறுப்பை இடம்பெயர்த்துக் கொண்டுபோய் வைப்பதும்கூட. இன்றைய சிக்கலான பொம்மைகளில் உள்ளே மறைந்திருக்கும் இரட்டைக் கீல் புயங்கள் எல்லாம் இந்தச் சிந்தனையின் வாரிசுகள். கவாமோரி தன் யோசனைகளை லெகோ கட்டைகளில் கட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். காகிதத்தில் சரியாகத் தோன்றுவது கையில் இடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வித்தை அதிகம், மூட்டு குறைவு

1985-இலிருந்து 1990 வரை டிரான்ஸ்ஃபார்மர்ஸில் புதுப்புது வித்தைகள் வந்தன. 1985-இல் ஆறு கட்டுமான ஊர்திகள் சேர்ந்து டெவாஸ்டேட்டர் என்ற ஒரே ராட்சதன் ஆயின. அதில் யாருக்கு எந்த இடம் என்பது மாறாது. அடுத்த ஆண்டு வந்த ஐவர் குழுக்களில் இணைப்பு முனைகளை ஒரே அளவாக்கினார்கள். நடுவில் ஒரு பெரிய ரோபோ, சுற்றிலும் நான்கு சிறியவை. எந்தச் சிறியதும் கையாகவோ காலாகவோ மாட்டிக்கொள்ளும், வேறு குழுவினரையும் கலக்கலாம். எளிய யோசனை, ஆனால் பொதுவான இணைப்பு என்ற இந்தக் கொள்கை பின்னால் பெரிதாக வளர்ந்தது.

மற்றவை வேகமாகச் சொல்லிவிடக்கூடியவை. 1987-இல் தலையே தனிக் குட்டி ரோபோவானது. 1988-இல் பிரிட்டெண்டர் என்ற பெயரில் ஒரு பெரிய கூட்டுக்குள் சாதாரணமான ரோபோவை வைத்து விற்றார்கள். கூட்டைத் திறப்பதை உருமாற்றம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. 1990-இல் உருமாறவே மாறாத பொம்மைகள் வந்தன. அந்த ஆண்டோடு அமெரிக்காவில் முதல் அத்தியாயம் முடிந்தது.

இந்த ஆறேழு ஆண்டுப் பொம்மைகளில் பொதுவாக ஒரு குறை இருந்தது. மூட்டுகள் உருமாறுவதற்காக மட்டும் இருந்தன. கை தோளில் சுழலும், அவ்வளவுதான். முழங்கால் மடிந்தால் அது லாரியின் நீளத்தைக் குறைப்பதற்காக, நடப்பது போல நிறுத்துவதற்காக அல்ல. ரோபோ நின்றது, ஆனால் சிலை மாதிரி நின்றது.

பந்து மூட்டு வந்தது

டோங்காவை வாங்கியபோது அதன் கையில் இருந்த கென்னர் என்ற பொம்மை நிறுவனமும் ஹாஸ்ப்ரோவுக்கு வந்து சேர்ந்தது. 1996-இல் அந்தக் கென்னர் பிரிவுதான் டிரான்ஸ்ஃபார்மர்ஸின் பீஸ்ட் வார்ஸ் வரிசையை வெளியிட்டது. கார் இல்லை, லாரி இல்லை. கொரில்லா, சிறுத்தை, காண்டாமிருகம், டைனோசர்.

விலங்குக்கு ஒரு வசதி, அதற்கு ஏற்கெனவே நான்கு கால்கள் இருக்கின்றன. கொரில்லா ரோபோவில் கொரில்லாவின் கையே ரோபோவின் கையாகிறது. ஆனால் விலங்குக்கு ஒரு தொல்லையும் உண்டு. காரில் கதவு இடுக்கு, பானெட் விளிம்பு என்று இயற்கையாகவே கோடுகள் இருக்கும். பாகம் பிரியும் இடத்தை அங்கே வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. சிறுத்தையின் உடம்பில் கோடு ஏது? அதோடு, விறைப்பாக நிற்கும் சிறுத்தையை யாரும் ரசிக்க மாட்டார்கள். பதுங்க வேண்டும், பாய வேண்டும். ஆகவே கால்கள் எல்லாத் திசையிலும் அசைய வேண்டியிருந்தது.

அதற்குக் கிடைத்த பதில், பந்து மூட்டு. ஒரு முனையில் உருண்டை, மறு முனையில் அதைக் கவ்வும் கிண்ணம். முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசையும், சுழலும். மூன்று தனி மூட்டு செய்யும் வேலையை ஒன்றே செய்கிறது, பாகங்களின் எண்ணிக்கையும் குறைகிறது. இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. ஆணி அடித்த மூட்டை முரட்டுத்தனமாக இழுத்தால் உடையும். பந்து மூட்டு கழன்றுகொள்ளும், திரும்ப அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். ஒரு குழந்தை பொம்மையை எப்படிக் கையாளும் என்பதை மதித்துச் செய்த மூட்டு இது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை ஒன்று உருமாறவும் செய்து, அப்புறம் நினைத்த தோரணையில் நிற்கவும் செய்வது பரவலானது இந்தக் காலத்தில்தான்.

மூட்டும் பிளாஸ்டிக்கும்

மூட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பொம்மையின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது.

உராய்வால் நிற்கும் மூட்டுதான் எளியது. ஆணி துளைக்குள் இறுக்கமாகச் சுழலும், விட்ட இடத்தில் நிற்கும். பழக்கத்தில் தேய்ந்தால் தொளதொளக்கும். பந்து மூட்டுக்கும் இதே பிரச்சினை, கிண்ணம் மெல்ல விரிந்துவிடும். பெரிய ரோபோவின் தோளும் இடுப்பும் அதிக எடை தாங்க வேண்டும் என்பதால் அங்கே ராட்செட் மூட்டு வைப்பார்கள். பல் வைத்த சக்கரம், ஸ்பிரிங், நகர்த்தும்போது கடக் கடக் என்று ஒலி. எளிதில் தொங்காது. ஆனால் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் நிறுத்த முடியாது, அதனால் சில சமயம் ரோபோ லேசாகச் சாய்ந்தே நிற்கும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பிளாஸ்டிக். உடம்புக்குப் பெரும்பாலும் ஏபிஎஸ்: விறைப்பானது, வண்ணம் பிடிக்கும். தேயும் இடங்களுக்கு வழுவழுப்பான பாலிஅசிட்டால். கொம்பு, வாள்முனை போன்ற கூரான பகுதிகளுக்கு ரப்பர் மாதிரி வளையும் வகை, கண்ணில் குத்தக் கூடாது என்பதற்காக. ஜன்னலுக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். இந்தக் கடைசி வகை விறைப்பானது, ஆனால் கீல் இருக்கும் இடத்தில் அழுத்தம் தாங்காமல் விரிசல் விடக்கூடியது. காரின் முன்கண்ணாடியையே கீலாகவும் பயன்படுத்திய பொம்மைகளின் சொந்தக்காரர்களுக்கு இந்த வலி தெரியும்.

1980களின் முதல் பொம்மைகளில் டை-காஸ்ட், அதாவது அச்சில் வார்த்த உலோகப் பாகங்களும் ரப்பர் டயர்களும் இருந்தன. செலவைக் குறைக்க அவை படிப்படியாகக் கழன்றுகொண்டன. பழைய ரசிகர்கள் இதற்காக இன்னும் அழுவார்கள். உலோகம் கைக்குக் கனமாக, மதிப்பாகத் தெரியும், உண்மைதான். ஆனால் கையில் உலோகம் வைத்தால் தோள் மூட்டு அதைத் தாங்க வேண்டும், காலில் வைத்தால் நிலைத்து நிற்க உதவும். உலோகத்தை எங்கே வைக்கிறோம் என்பதும் வடிவமைப்புதான்.

பிளாஸ்டிக்கில் நடந்த ஒரு விபத்தையும் சொல்ல வேண்டும். 1980களின் கடைசியிலும் 1990களிலும் சில பொம்மைகளுக்குத் தங்கப் பளபளப்பு வர, பிளாஸ்டிக்கிலேயே உலோக மினுமினுப்புத் துகள்களைக் கலந்து வார்த்தார்கள். சில கலவைகளில் பிளாஸ்டிக்கின் பிணைப்பு பலவீனமாகி, ஆண்டுகள் போகப் போகத் தொட்டாலே நொறுங்கும் நிலைக்கு வந்தது. பெட்டியைத் திறக்காமல் பாதுகாத்தவர்களும் தப்பவில்லை. சேகரிப்பாளர்கள் இதைத் தங்கப் பிளாஸ்டிக் நோய் என்றே சொல்கிறார்கள்.

கணினி வந்த பிறகு

முதல் தலைமுறை வடிவமைப்பாளர்கள் காகிதத்தில் வரைந்து, கையால் மாதிரி செதுக்கி, இடிக்கிற இடத்தைத் தேய்த்து வேலை பார்த்தார்கள். முப்பரிமாண கணினி வரைபடம் வந்தபின், ஒரு தகடு சுழலும் பாதையில் வேறு எது குறுக்கிடுகிறது என்பதைத் திரையிலேயே பார்க்க முடிந்தது. ஒரு மில்லிமீட்டர் இடுக்கில்கூட ஒரு பாகத்தை ஒளிக்கும் துணிச்சல் அப்படித்தான் வந்தது.

2003-இல் அதன் பலன் வெளிப்படையாகத் தெரிந்தது. அந்த ஆண்டு டகாரா பைனால்டெக் என்ற வரிசையில் கார் நிறுவனங்களின் உரிமத்துடன் 24-இல் ஒரு பங்கு அளவில் கார்களை வெளியிட்டது. முதலில் வந்தது சுபாரு இம்ப்ரெஸா. கதவு திறக்கும், பானெட் திறக்கும், உள்ளே எஞ்சினும் இருக்கையும் ஸ்டீயரிங்கும் இருக்கும். இதன் கஷ்டம் என்ன தெரியுமா? ரோபோவைச் சுருட்டி வைக்க வேண்டிய வெற்றிடத்தில்தான் இருக்கைகள் உட்கார்ந்திருக்கின்றன. அப்படியும் செய்து காட்டினார்கள். அதே ஆண்டு மாஸ்டர்பீஸ் வரிசையின் முதல் பொம்மையாக ஆப்டிமஸ் பிரைம் வந்தார். கார்ட்டூனில் பார்த்த உடலமைப்பு, நிறைய உலோகம், மடிந்து உள்ளே போகும் முஷ்டி, விலை மட்டும் பெரியவர்களுக்கானது. அந்த முதல் பதிப்பில் டிரெய்லர் இல்லை. 2011-இல் வந்த புதிய மாஸ்டர்பீஸ் பிரைம் கொஞ்சம் சிறியவர், டிரெய்லரோடு வந்தார்.

2007-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஹாலிவுட் படம் வந்தது, சிக்கல் உச்சிக்குப் போனது. படத்தின் ரோபோக்களில் ஆயிரக்கணக்கான சில்லறைப் பாகங்கள் நகரும். கணினி வரைகலைக்கு அது பிரச்சினை இல்லை. 1974-இன் கெட்டர் சிக்கலே வேறு உருவத்தில் திரும்பி வந்தது என்று சொல்லலாம். பொம்மைகள் அதைத் துரத்தின. ஆட்டோமார்ஃப் என்ற உத்தியில் ஒரு பாகத்தை நகர்த்தினால் உள்ளே பல்சக்கரங்கள் சுழன்று வேறு சில பாகங்கள் தாமாக நகரும். 2009-இல் இரண்டாம் படத்துக்காக வந்த பெரிய ஆப்டிமஸ் பிரைம் இந்தப் போக்கின் சிகரம். உருவத்தில் படத்தை அப்படியே ஒத்திருந்தது, ஆனால் கையேடு இல்லாமல் முதல் முறை மாற்றுவது பெரியவர்களுக்கே சோதனை.

பாகம் கூடக்கூடப் பொம்மை மேம்படுகிறது என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது. நாற்பது தகடுகளில் முப்பத்தொன்பது சரியாகப் பொருந்தி ஒன்று அரை மில்லிமீட்டர் விலகினால், கார் முழுவதும் பிளந்து நிற்கும். அந்த ஒன்றை அழுத்தினால் எதிர்ப்பக்கம் ஒன்று எழும்பும். குழந்தைகளுக்கோ பொறுமை இல்லை. 2014-இல் மூன்றாவது கோரிக்கைக்கு முதலிடம் கொடுத்து, ஒரே அசைவில் மாறும் ஒன்-ஸ்டெப் பொம்மைகளை ஹாஸ்ப்ரோ கொண்டுவந்தது. ரோபோவாக அவை சுமார்தான், முழங்கை மடியாது, கழுத்து திரும்பாது. ஆனால் ஐந்து வயதுக் குழந்தை யாருடைய உதவியும் இல்லாமல் மாற்றியது.

சமீப ஆண்டுகளில் ஒரு நிதானம் வந்திருக்கிறது. 2018-இன் கடைசியில் தொடங்கிய டிரான்ஸ்ஃபார்மர்ஸின் சீஜ் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றும் படிகள் மிதமானவை. ஆனால் இடுப்பு சுழலும், மணிக்கட்டு சுழலும், கணுக்கால் பக்கவாட்டில் சாயும். இந்தக் கணுக்கால் சாய்வு சின்ன விஷயம் போலத் தோன்றும். கால்களை அகட்டி நிறுத்தும்போது பாதம் முழுதாகத் தரையில் படிவது அதனால்தான். அது இல்லாத ரோபோ பாத விளிம்பில் நின்று தள்ளாடும். உடம்பு முழுக்க 5 மில்லிமீட்டர் துளைகள் வைத்து, எந்த ஆயுதத்தையும் எங்கேயும் செருகலாம் என்று ஆக்கினார்கள். 1986-இன் பொது இணைப்புக் கொள்கைதான், இப்போது கைகால்களோடு நிற்காமல் துப்பாக்கிக்கும் கேடயத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. மிஞ்சும் பாகத்தைக் கேடயமாகக் கையில் கொடுத்துவிடுவது இப்போது ரொம்பச் சாதாரணம். இன்னொரு பக்கம் சிக்கனமும் தெரிகிறது: முன்கையின் உள்பக்கமும் காலின் பின்பக்கமும் குழிவாக, பிளாஸ்டிக் இல்லாமல் விடப்பட்டிருக்கும். முதுகைத் திருப்பிப் பாருங்கள் என்று சொன்னதில் இந்தக் குழிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2021-இல் ரோபோசென் நிறுவனம் ஹாஸ்ப்ரோவுடன் சேர்ந்து, குரலால் கட்டளையிட்டால் தானாகவே மாறி நடக்கும் ஆப்டிமஸ் பிரைமை அறிவித்தது. உள்ளே, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் 27 சர்வோ மோட்டார்கள். விரல் நகத்தால் ஒரு தகடை நெம்பி எடுக்கும் வேலையை மோட்டாரால் செய்ய முடியாது. மெல்லிய மடிப்புத் தகடுகளுக்குள் மோட்டாரை வைக்கவும் இடம் கிடையாது. அதனால் அந்த ரோபோ லாரியாக மாறுவதைப் பார்த்தால் 2009-இன் நுணுக்கம் ஞாபகத்துக்கு வராது. சில பெரிய துண்டுகள் நிதானமாகச் சுழன்று போய் அமர்கின்றன, 1980களின் தொடக்கத்தில் டகாராவின் ஆட்கள் செய்த மாதிரியே.